கரையோரப் பெண்ணின் இயல்பு அளவு

கல்முனைக்குடிப் பெண்களுக்கு மாதவிடாய் அநேகமாக வருவதில்லை என்று கரையோரக் குருதிநல ஆய்வு நிலையம் உலகுக்கு அறிவித்த அன்று, கல்முனைக்குடியில் முஸ்பிறா தன் மாதவிடாயின் பதினோராவது நாளில் குசினி நிலத்தில் சரிந்து கிடந்தாள். அடுப்பில் சோறு அடிப்பிடித்துக்கொண்டிருந்தது. வாசலில் ஓட்டோவை நிறுத்திவிட்டு வந்த அவள் கணவன் றாஸிக், தீய்ந்த மணத்தின் பின்னால் போய்த்தான் மனைவியைக் கண்டுபிடித்தான். அறிவிப்பு வெளியானது கொழும்பு ஹோட்டல் ஒன்றின் மண்டபத்தில். அங்கே குளிரூட்டி வேலை செய்தது, மதிய உணவு நேரத்துக்கு வந்தது, எவரும் சரியவில்லை.

நிலையத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கடற்கரைப் பக்கமாக மூன்று மாடிக் கட்டடம். மூன்று முறை திறந்து வைக்கப்பட்டது, மாடிக்கு ஒரு தடவையாக. லிப்ட் இருந்தது, அதிதிகள் வரும் நாட்களில் பூட்டைத் திறந்து ஓடவிடுவார்கள். ஒரு பணிப்பாளர், இரண்டு பிரதிப் பணிப்பாளர்கள், ஒரு புள்ளிவிபர உத்தியோகத்தர், பெனர் கட்டுவதற்கென்றே நிரந்தர நியமனத்தில் ஒருவர். குருதியைப் பரிசோதிக்கும் இயந்திரம் மட்டும் பக்கத்து ஆஸ்பத்திரியுடையது.

பணிப்பாளர் டொக்டர் காலிதீன் ஒரு பெரிய கேள்வியோடு பதவிக்கு வந்தவர். ஆண்களை விடப் பெண்களுக்கு இரத்தம் ஏன் குறைவு? சிறுவயதில் இரு பாலாருக்கும் அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். வயதுக்கு வந்த பிறகுதான் பிரிகிறது. ஆண் ஓமோன் எலும்புக்குள்ளிருக்கும் என்பு மச்சையைத் தட்டி எழுப்பி இரத்தத்தின் செங்குழியங்களைச் செய்விக்கிறது என்பது தெரிந்த விஷயம். பெண் ஓமோன் என்ன செய்கிறது என்பதில்தான் சண்டை. எலியில் கொடுத்துப் பார்த்தால் ஒருவருக்குக் கூடுகிறது, இன்னொருவருக்குக் குறைகிறது. இதற்கு நடுவே மாதாமாதம் போகிற இரத்தம் வேறு. ஆகவே எந்தப் பெண்ணுக்கு எத்தனை நாள் போகிறது என்று முதலில் கேட்டறிய வேண்டும். அதைக் கேட்க நிலையம் ஓர் ஆண் உத்தியோகத்தரை வீடு வீடாக அனுப்பியது. அவர் மூன்று நாளில் திரும்பி வந்தார். ஒரு வீட்டில் வாசற்கதவோடு அவருடைய விரலும் சாத்தப்பட்டிருந்தது.

அப்போதுதான் பணிப்பாளருக்கு அந்த யோசனை வந்தது. றமழானில் பெண்கள் அந்த நாட்களில் நோன்பை விட்டுவிடுவார்கள். விட்டதைப் பிறகு எண்ணிப் பிடித்து அடைப்பார்கள். அதைத்தான் ஊரில் களா என்பது. விட்ட நோன்பைக் கேட்டால் போதும், மாதவிடாய் நாள் தானாக வந்துவிடும். மானத்தோடு கேட்கலாம், மானத்தோடு சொல்லலாம். பிரதிப் பணிப்பாளர்கள் இருவரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

கேட்கப் போனது பஸ்மிலா, சாய்ந்தமருதுப் பிள்ளை, ஆய்வு உதவியாளராகப் புதிதாகச் சேர்ந்தவள். அவள் போன காலம் அடுத்த நோன்பு பிறக்க இரண்டு கிழமை இருந்த காலம். போன வருடத்துக் களாவை அடைக்காதவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசுகிற காலம் அது. முஸ்பிறாவின் வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரை போட்டு, ஒழுங்கையின் பெண்கள் எட்டொன்பது பேரை ஒன்றாக இருத்தி, கையில் டெப் கணினியை வைத்துக்கொண்டு பஸ்மிலா வாசித்தாள்.

"போன நோம்புல எத்தின நோம்பு விட்டீங்க ராத்தா?"

முதல் கேள்வி றஹீமாவுக்கு. றஹீமா றாஸிக்கின் மூத்த சகோதரி. அவள் கணவர் பள்ளிவாசல் நிருவாகத்தில் இருக்கிறார். அவள் முகம் எப்போதும் வேகவைத்த மரவள்ளி நிறத்தில் இருக்கும். மடியில் ஒரு சுண்டு பச்சையரிசியை வைத்து யாருக்கும் தெரியாமல் மென்றுகொண்டே இருப்பாள். இரத்தம் வற்றியவர்களுக்கு அப்படியொரு ஆசை வருவதுண்டு என்று அந்த முற்றத்தில் எவருக்கும் தெரியாது. அது அவளுடைய தீனிக் குணம் என்று நினைத்தார்கள்.

"நாங்க ஏன் புள்ள நோம்ப விடப்போறம்?" என்றாள் றஹீமா. "அல்ஹம்துலில்லாஹ். ஒண்டும் விடல்ல."

பஸ்மிலா பூச்சியத்தைத் தட்டினாள். அடுத்தவளும் ஒன்றும் விடவில்லை. அதற்கடுத்தவள் கர்ப்பிணி, அவளும் விடவில்லை. முறை முஸ்பிறாவுக்கு வந்தது. அவள் போன நோன்பில் பதினான்கு விட்டிருந்தாள், அதில் ஒன்றைத்தானும் அடைக்க உடம்பு இடம் கொடுக்கவில்லை. மதினி றஹீமாவின் கண் தன் மீது நிற்பதைப் பார்த்தாள்.

"எனக்கும் ஒண்டும் இல்ல."

"மாஷா அல்லாஹ்," என்றாள் பஸ்மிலா.

கேட்டவள் உடம்பைப் பற்றிக் கேட்டாள். சொன்னவர்கள் மார்க்கத்தைப் பற்றிச் சொன்னார்கள். இஞ்சித் தேத்தண்ணி குடித்துவிட்டு எல்லோரும் விரலை நீட்டி ஒரு சொட்டு இரத்தமும் கொடுத்தார்கள்.

அறுநூற்றுச் சொச்சம் பெண்கள். சராசரி மாதவிடாய் அரை நாளுக்கும் குறைவு. புள்ளிவிபர உத்தியோகத்தர் நிரோசன் பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் வருகிறவர், மணமானவர், வீட்டில் இரண்டு தங்கைகளும் இருந்தார்கள். அவர் அன்று முழுதும் கணினியைப் பார்த்தபடி இருந்துவிட்டு, "சேர், எங்கயோ பிழை போல கிடக்கு" என்று சொல்லிப் பார்த்தார்.

"நிரோசன்," என்றார் பணிப்பாளர், "சிறிய நிலையங்களில்தான் இதற்குப் பிழை என்று பெயர். நமது நிலையத்தில் இது கண்டுபிடிப்பு."

அதன் பிறகு எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. இப்பெண்களுக்கு இரத்தம் போவதில்லை. ஆனாலும் இரத்தம் குறைவாக இருக்கிறது. ஆகவே பெண் ஓமோனே இவர்களுடைய என்பு மச்சையின் கழுத்தைப் பிடித்து அமர்த்தி வைத்திருக்கிறது. அப்படியென்றால் குறைவாக இருப்பதே இவர்களுடைய இயற்கை. இயற்கை நோயாக முடியாது. உலகம் பெண்களுக்குப் பன்னிரண்டு என்று வைத்திருக்கும் ஈமோகுளோபின் அளவை நிலையம் தன் ஊருக்கு எட்டு என்று வைத்தது. சுற்றறிக்கை வெளியான அதே பின்னேரம் கல்முனைக்குடியில் குருதிச்சோகை முக்கால்வாசி ஒழிந்தது. ஒருத்தியும் ஒரு குளிசை விழுங்கவில்லை. மீந்துபோன இரும்புக் குளிசைப் பெட்டிகளைத் திருப்பி அனுப்பியதற்காக நிலையத்துக்குப் பாராட்டு வந்தது.

குசினியில் விழுந்தவளை றாஸிக் ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அவளுக்கு ஏழு இருந்தது. எட்டுக்குக் கீழே. தாதி தங்கேஸ்வரி அதைப் பார்த்துவிட்டு, "கொஞ்சந்தான் குறைவு ராத்தா, ரெண்டு கிழமை கழிச்சு வாங்க" என்றாள். இரண்டு கிழமை கழித்து அவர்கள் போனார்கள். இப்போது ஆறரை. தங்கேஸ்வரி சீட்டைப் பார்த்தாள், சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாள்.

"போன கிழமை வந்திருந்தா நீங்க நோயாளி ராத்தா. திங்கக்கிழமை புதுச் சுற்றறிக்கை வந்திட்டு. இப்ப ஆறுக்குக் கீழ போனாத்தான். நீங்க நோர்மல்."

"மிஸ், நாலு படி ஏறினா எனக்குக் கண் இருட்டுது."

"அத 'இயல்பான கண்ணிருட்டு' எண்டு பதியச் சொல்லியிருக்காங்க."

"நோர்மலான ஆள் எப்பிடி மிஸ் குசினிக்குள்ள விழுவா?" என்று கேட்டான் றாஸிக்.

"நோர்மலா விழுவா," என்றாள் தங்கேஸ்வரி. அவள் சிரிக்கவில்லை. பின்னால் வரிசை வாசல் வரைக்கும் நின்றது. பாதிக்கு மேல் பெண்கள், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள், எல்லோரும் நோர்மல்.

தனியாரிடம் காட்டலாம் என்று அன்று பின்னேரமே போனார்கள். திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனால், மேசைக்குப் பின்னால் இருந்தவர் டொக்டர் காலிதீன்தான். அவர் அவளுடைய கீழிமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே கடதாசி வெள்ளை. "சிறப்பு," என்றார். "நூலில் உள்ளபடியே இருக்கிறது." ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தார். அதில் 'ஓமோனோடு ஒத்துழைப்போம்' என்று எழுதியிருந்தது. படத்திலிருந்த பெண்ணுக்கு நல்ல சிவந்த கன்னம். இந்தப் பக்கத்துப் பெண் அல்ல.

ஓட்டோவில் திரும்பும்போது முஸ்பிறா பிரசுரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் இறங்காமல் இருந்துகொண்டே சொன்னாள்:

"இஞ்ச பாருங்க. அந்தப் புள்ள கேக்கக்குள்ள நான் பொய் சொல்லிப்போட்டன். நான் மட்டுமில்ல, எல்லாரும். அதுலதான் இவங்க இத கட்டிரிக்காங்க."

"என்ன பொய்?"

அவள் சொன்னாள். பதினாறு வருடக் குடும்பத்தில் அவள் அந்த எண்ணை அவனிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. றாஸிக் சிறிது நேரம் ஓட்டோவின் கண்ணாடியைத் துடைத்தான்.

"அப்ப லேசுதானே," என்றான். "போய் மாத்திட்டு வருவம்."

நிலையத்தில் லிப்ட் பூட்டியிருந்தது. மூன்றாம் மாடிக்கு ஏற அவளுக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. ஒவ்வொரு வளைவிலும் படியில் குந்தினாள், றாஸிக் பிரசுரத்தால் விசிறினான். நிரோசன் அவளுக்குக் கதிரை இழுத்துப் போட்டுத் தண்ணீர் கொடுத்தார். அவள் சொன்னதைக் கடைசி வரை கேட்டார்.

"நீங்க சொல்றத நான் நம்புறன் அக்கா. ஆனா தரவு பூட்டியாச்சு."

"திறக்க ஏலாதா?"

"கொழும்பில வாசிச்சாச்சு. வாசிச்ச தரவத் திறந்தா வாசிச்சவர் வாசிக்காத மாதிரி ஆகிரும்."

"எனக்கு மூச்சு வருகுதில்ல தம்பி."

நிரோசன் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். மீள்பரிசீலனைக் குழு என்று ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் போய்ச் சொன்னால் ஏதாவது நடக்கலாம் என்றார்.

குழுவில் ஐந்து ஆண்கள். ஆறாவது கதிரை மாதர் பிரதிநிதிக்கு; அது காலியாக இருந்தது. அந்த அம்மா கீழே முதலாம் மாடியில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பதாகச் செய்தி வந்தது. அவரில்லாமலே கூட்டத்தைத் தொடங்கினார்கள். ஐந்து ஆண்களில் ஒருவர் றஹீமாவின் கணவர், பள்ளிவாசல் சார்பாக.

"சகோதரி," என்றார் பணிப்பாளர், "நீங்கள் முதலில் கூறியது உண்மையா, இப்போது கூறுவது உண்மையா?"

"இப்ப சொல்றதுதான் சேர். போன நோம்புல நான் பதினாலு விட்ட. அதுல ஒண்டும் அடைக்கல்ல. மாதா மாதம் அப்பிடித்தான் போகுது. அண்டைக்கு வெக்கத்துல மறைச்சுப்போட்டன். என்ட பதில மாத்துங்க, எனக்கு ரத்தம் ஏத்துங்க."

றஹீமாவின் கணவர் மேசை விரிப்பின் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் ஜன்னலைப் பார்த்தார்கள். அவளுக்குக் காது இரைந்தது. விழுந்துவிடக்கூடாது என்று மேசை விளிம்பைப் பிடித்தாள்.

"உங்கள் நேர்மையை இக்குழு பாராட்டுகிறது," என்றார் பணிப்பாளர். "ஆனால் சிந்தியுங்கள். அறுநூறு சகோதரிகள் ஒன்றைச் சொல்கிறார்கள், ஒரு சகோதரி வேறொன்றைச் சொல்கிறார். விஞ்ஞானம் சனநாயகமானது. இவரை நாம் விலகல் என்று கொள்ளலாம். விலகலைக் கணக்கிலிருந்து நீக்குவது சர்வதேச மரபு. நீக்கினால் நமது சராசரி இன்னும் அழகாகும்."

றாஸிக் வாசலடியில் நின்றவன், இரண்டடி முன்னுக்கு வந்தான்.

"சேர், அப்ப இவ உங்கட கணக்குக்கு வெளியதானே? உங்கட அளவும் இவக்கு இல்லதானே? மத்த ஊர்ப் பொம்புளையளுக்கு இரிக்கிற பன்னிரண்டுதானே இவக்கும்?"

கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த நிரோசனின் பேனை நின்றது. றாஸிக் சொன்னதில் பிழை பிடிக்க ஒருவருக்கும் உடனே வரவில்லை. பிரதிப் பணிப்பாளர் ஒருவர் தலையை மெல்ல ஆட்டவும் தொடங்கினார்.

"கணக்கிலிருந்து நீக்கலாம்," என்றார் பணிப்பாளர். "ஊரிலிருந்து நீக்க நமக்கு அதிகாரம் இல்லை. விலாசம் கல்முனைக்குடி என்றால் அளவும் கல்முனைக்குடிதான்."

எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

படியில் இறங்கும்போது பஸ்மிலா பின்னால் ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நானும் பூச்சியந்தான் போட்ட ராத்தா. பணிப்பாளர்ர மேசைக்கு முன்னால வச்சு எங்கள்ட்டயும் கேட்டாங்க. நான் என்னண்டு சொல்ற?"

"உனக்கு எத்தின புள்ள?"

பஸ்மிலா மேலேயும் கீழேயும் பார்த்துவிட்டு, "ஆறு" என்றாள். அதைச் சொல்லிவிட்டுத் தானும் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு கிழமைக்குள் நிலையத்திலிருந்து வீட்டுக்கு ஆள் வந்தது. முஸ்பிறாவை வெறுப்பதற்குப் பதிலாகப் பணிப்பாளர் அவளை விரும்பத் தொடங்கியிருந்தார். 'குருதிச்சோகையற்ற நகரம்' என்று ஊரைப் பிரகடனம் செய்யும் விழா வருகிறது. இயல்பு அளவுக்குள் நிற்கிற ஒரு சாதாரணப் பெண் மேடைக்குத் தேவை. அவள் சுயவிருப்பில் நிலையத்துக்கு வந்தவள், பேசவும் பயப்படாதவள். விழாவுக்கு வந்தால், முடிந்த கையோடு வார்ட்டில் ஒரு கட்டிலுக்குப் பணிப்பாளர் கையெழுத்துப் போடுவார்.

"போகாத புள்ள," என்றான் றாஸிக். "கூத்துக் காட்டப் போறானுகள்."

"கட்டில் தாறண்டு சொல்லிரிக்காங்க. எனக்கு இப்ப கட்டில் வேணும். ஆர் என்ன காட்டினாலும் எனக்கென்ன."

அவளால் இப்போது தலைமுடியைத் தானே கட்ட முடியவில்லை. விழா அன்று காலை எடுத்த அளவு நாலு தசம் ஏழு. விழாவை முன்னிட்டு முந்தின நாளே இயல்பு அளவை நாலரைக்கு இறக்கியிருந்தார்கள்.

விழா மண்டபத்தில் பெண்கள் பக்கம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் றஹீமா மடிக்குள் கையை விட்டபடி இருந்தாள். குர்ஆனிலிருந்து கிறாஅத் ஓதப்பட்டது. பிரதம அதிதி தாமதித்து வந்தார். லிப்ட் இல்லாத மண்டபமாதலால் ஒன்றும் திறக்கப்படவில்லை. பொன்னாடைகள் முடிந்ததும் பணிப்பாளர் எழுந்தார்.

"அன்பார்ந்தவர்களே. ஈஸ்திரோசன் என்னும் பெண் ஓமோன் எலிகளின் மூலக்கலங்களைத் தூண்டிச் செங்குழியங்களைப் பெருக்குகிறது என்று மேற்குலகில் எழுதுகிறார்கள். நமது பெண்களில் அது குறைக்கிறது என்று நாம் எழுதினோம். இதன் மூலம் நமது பெண்கள் எலிகள் அல்லர் என்பதைச் சர்வதேச அரங்கில் நிலைநாட்டிய முதலாவது நிலையம் நமது நிலையமே." கைதட்டல். "மாதவிடாய் நின்ற மூத்த சகோதரிகளுக்குப் பின்னாளில் இரத்தம் கூடுகிறதே, ஏன் என்று சிலர் கேட்கிறார்கள். போக்கு நின்றதால் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடலாம். நாம் அவசரப்படவில்லை. அது பற்றித் தனியான நிதி கோரியிருக்கிறோம். நாம் ஒரு நோயாளியைக் கூடக் குணப்படுத்தவில்லை என்று குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். பெருமையோடு ஒப்புக்கொள்கிறேன். ஒரு நோயாளியைக் கூடக் குணப்படுத்தாமலே நோயை ஒழித்தோம்."

பிரகடனத்தின் சின்னமாகக் குருதிக்கொடை நடக்கும் என்று அறிவித்தார்கள். சோகையற்ற நகரின் முதலாவது கொடையாளி, சகோதரி முஸ்பிறா.

அவள் அதை முதலில் விளங்கிக்கொள்ளவில்லை. மேடையின் ஓரத்தில் ஒரு கட்டில் போட்டு வெள்ளைச் சீலை விரித்திருந்தார்கள். கட்டில் என்று சொன்னது இதைத்தானாக்கும், இரத்தம் ஏற்றத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, தங்கேஸ்வரியின் தோளைப் பிடித்துக்கொண்டு போய் இருந்தாள். வெளி மாவட்டத்திலிருந்து வந்த குருதி முகாம் உத்தியோகத்தர் அவள் விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்தார். மேசையில் செப்புச் சல்பேற்றுக் கரைசல், நல்ல நீலம், கண்ணாடிக் கிளாசில். இரத்தம் கனமாக இருந்தால் சொட்டு அடியில் தாழும், தாழ்ந்தால்தான் கொடுக்கலாம். வீடியோக்காரர் கிளாசைப் பெருந்திரையில் காட்டினார்.

சொட்டு மிதந்தது. வெளிறிய சிவப்பில், ஒரு சட்டைப் பொத்தான் போல நீலத்தின் மேல் நின்றது. மண்டபம் முழுதும் பார்த்தது.

"மிதக்குது சேர்," என்றார் உத்தியோகத்தர். "இவட்ட எடுக்க ஏலாது. இவக்குத்தான் குடுக்கணும்."

"கரைசல் எங்கிருந்து வந்தது?"

"முழு நாட்டுக்கும் இதே கரைசல்தான் சேர்."

"அதுதான் குறை," என்றார் பணிப்பாளர் ஒலிவாங்கியில், பொறுமையாக. "கரைசல் நமது பெண்களுக்கு அளவீடு செய்யப்படவில்லை." பிரதம அதிதியின் மேசையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து மூடியைத் திருகினார். நீலத்துக்குள் ஊற்றினார். நிறம் வெளுத்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றினார். உத்தியோகத்தர் ஏதோ சொல்ல வந்தார். அவருக்கும் ஒரு பொன்னாடை போர்த்தப்பட்டது. புதிய சொட்டு விடப்பட்டது. அது ஒரு கணம் தயங்கி, மெல்ல மெல்ல அடியில் போய் இருந்தது.

கைதட்டல் ஓய நேரமெடுத்தது.

தங்கேஸ்வரி அவள் கையில் இறப்பர்ப் பட்டியைக் கட்டினாள். வெற்றுப் பை கட்டிலுக்குக் கீழே தொங்குவதை முஸ்பிறா அப்போதுதான் கண்டாள். பை கீழே தொங்கினால் இரத்தம் எந்தப் பக்கம் போகும் என்பது அவளுக்குத் தெரியும். எழும்பப் பார்த்தாள், தலை தூக்கவில்லை.

"மிஸ்," என்றாள். "என்ட அல்லாஹ். எடுக்காதீங்க மிஸ். இரிக்கிறதே கொஞ்சம்."

தங்கேஸ்வரி குனிந்து நரம்பைத் தடவினாள். நீண்ட நேரம் தடவினாள். பிறகு நிமிர்ந்து உரத்துச் சொன்னாள்: "நரம்பு பிடிபடுதில்ல சேர்."

"மற்றக் கையைப் பாருங்கள்."

அவள் மற்றக் கையைப் பார்த்தாள். நீல நரம்பு தோலுக்குக் கீழே நூல் போட்டது போல ஓடியது, வெளிறின தோலாதலால் இன்னும் நன்றாகத் தெரிந்தது. "இதுலயும் இல்ல சேர். ரெண்டு கையிலயும் நரம்பே இல்ல."

"நரம்பு இல்லாதது ஓமோன் காரணமாக இருக்கலாம்," என்று பணிப்பாளர் சபைக்கு விளக்கினார். "ஆய்வுக்குரிய விடயம்." அடுத்த கொடையாளியை அழைத்தார்கள்.

பட்டியை அவிழ்க்கிற சாக்கில் தங்கேஸ்வரி அவள் காதுக்குள் சொன்னாள்: "உங்கட மாப்பிள்ளைட்ட ஓட்டோவ எடுக்கச் சொல்லுங்க. இஞ்ச நிக்காதீங்க. திருக்கோவில் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போங்க. அங்க இன்னும் பன்னிரண்டுதான். விலாசம் கேட்டா திருக்கோவில் எண்டு சொல்லுங்க, விளங்குதா? கல்முனை எண்டு வாயே திறக்காதீங்க."

காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை. றாஸிக் குழிகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டினான். அக்கரைப்பற்றுச் சந்தியில் நெல்லு மூட்டை லொறிகளுக்கு நடுவே நின்றபோது திரும்பிப் பார்த்தான். அவள் கண் மூடியிருந்தது. "கதைச்சிக்கிட்டு வா புள்ள," என்றான். "என்னத்தையெண்டாலும் கதை."

"என்ன கதைக்க?"

"விலாசத்தச் சொல்லிப் பாரு."

திருக்கோவில் ஆஸ்பத்திரியில் விலாசம் கேட்டார்கள். தொப்பி போட்ட றாஸிக், அபாயா போட்ட மனைவியைத் தாங்கிக்கொண்டு, "கோயில் வீதி" என்றான். எழுதுகிறவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எந்தக் கோயில்?"

"பெரிய கோயில்," என்றான் றாஸிக்.

எழுதுகிறவர் எழுதினார்.

டொக்டர் யதுசா வயது குறைந்தவள். கீழிமையை இழுத்துப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள், உடனே கட்டிலுக்கும் இரத்தத்துக்கும் ஆள் அனுப்பினாள். "நாலு தசம் ஏழோட நடந்து வந்தீங்களா? இவ்வளவு நாளும் என்ன செய்துகொண்டிருந்தீங்க?"

"நோர்மலா இருந்தன் டொக்டர்," என்றாள் முஸ்பிறா.

"மாதப்போக்கு எப்பிடி?"

இத்தனை மாதத்தில் இதை ஒருவரும் இப்படி நேராகக் கேட்டதில்லை. திரைக்கு வெளியே ஆட்கள் நின்றார்கள். ஒண்டும் இல்ல, அல்ஹம்துலில்லாஹ் என்பது தானாகவே நாக்கின் நுனிக்கு வந்து நின்றது. அவள் அதை விழுங்கினாள்.

"பதினாலு நாள். சிலநேரம் கூட. கட்டி கட்டியா. வருசம் ரெண்டாகுது."

"அதுதானே. ரத்தம் போனா ரத்தம் குறையும். போக்க நிப்பாட்ட ஓமோன் குளிசையே இருக்கு. முதல்ல இத ஏத்துவம்."

முதல் பை ஏறத் தொடங்கிய பிறகுதான் டொக்டரின் கைபேசி ஒலித்தது. அவள் நின்றபடி வாசித்தாள். இரண்டாம் தடவையும் வாசித்தாள். கல்முனையில் கண்ட வெற்றியைத் தொடர்ந்து, கரையோரப் பெண்ணின் இயல்பு அளவு நாலரை என்பது திருக்கோவிலையும் தாண்டிப் பொத்துவில் வரைக்கும் நாளை காலை முதல் நடைமுறைக்கு வருகிறது.

அவள் கைபேசியைக் கவிழ்த்து மேசையில் வைத்தாள். தாதியைக் கூப்பிட்டாள்.

"ரெண்டாவது பையையும் இவட பெயருல இண்டைக்கே எழுதி எடுங்க. மெதுவா ஏறட்டும், விடிய விடிய ஏறட்டும். தொடங்கினத நிப்பாட்டச் சொல்லி இதுல எழுதல்ல."

முஸ்பிறா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். குழாயில் இரத்தம் சொட்டியது, அவளுடையதை விட எவ்வளவோ கறுத்த சிவப்பு. றாஸிக்கின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீங்க திரும்பிப் போங்க. றஹீமா மதினிய ஏத்திக்கிட்டு வாங்க. இண்டைக்குள்ள."

"ராத்தா வரமாட்டாவே. தனக்கு ஒண்டும் இல்லெண்டுதானே சொல்லுவா."

"அவட மடியில இரிக்கிற அரிசிய வாங்கி எறிஞ்சிபோட்டு ஏத்துங்க. பொழுது சாயக்குள்ள வந்திரணும். ஓட்டோவுக்குப் பின்னால மூணு பேர் கொள்ளும்."

அவன் ஓட்டோத் திறப்பை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனவன், நின்று திரும்பினான்.

"மத்த ரெண்டு பேர் ஆர்?"

முஸ்பிறா கண்ணை மூடி, ஒழுங்கையின் முதல் வீட்டிலிருந்து யோசிக்கத் தொடங்கினாள்.